பெயர் விளங்காத உதவி உழவர்க்குப் பயன்படுமா?

கல்மண்டபத்திலிருந்துகொண்டு உழவரைப் பற்றி எழுதுவதா என்று நம் அன்பர் சிலர் வியக்கக்கூடும். கிழக்கே கடல், தெற்கே துறைமுகம், வடக்கே காசிமேட்டு மீன்பிடி துறை, அதற்கப்பால் திருவொற்றியூர், எண்ணூர், மணலி எனப் புகைபோக்கிகள் நிரல்பட நிற்கும் தொழிற்சாலை நிலம். ஏர் பிடித்த கையை இவ்விடத்தே காண்டல் அரிது என்பது மெய்யே. ஆயினும் இவ் வடசென்னை உண்ணும் சோறும் பருகிய நீரும் எங்கிருந்து வந்தன என எண்ணிப் பார்ப்பார்க்கு, உழவர் சிக்கல் நமக்கு அயலார் சிக்கல் அன்று என்பது எளிதில் விளங்கும்.

கொசத்தலை என இன்று வழங்கும் கொற்றலையாறும் ஆரணியாறும் பாய்கின்ற மீஞ்சூர், பஞ்செட்டி, பொன்னேரி வட்டாரத்து வயல்களின் அடிநீர், மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகர்க்கும் ஆண்டாண்டாக இறைக்கப்பட்டது. இறைத்த இடம் வெறுமையாக, அவ்வெறுமையில் கடல்நீர் உட்புகுந்தது. நன்னீர்க் கிணறுகள் உவர்நீர்க் கிணறுகளாயின. அடிநீர் உறிஞ்சலைக் கட்டுப்படுத்தவென்றே 1987இல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நம் குழாயில் வந்த நீர், அவ்வுழவரின் அடுத்த விளைச்சல்! அந்தக் கடனை உணர்ந்தவர்களாகவே இதனை எழுதுகின்றோம்.

நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புவது ஒன்றே. உழவர்க்கென அரசு வகுத்துள்ள கடன் திட்டங்களும், மண்ணையும் நீரையும் காக்கும் திட்டங்களும் இல்லாமல் இல்லை. உள்ளன, பலவாகவே உள்ளன. ஆனால், அவை உழவன் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், உழவன் நாவுக்கு வாராத பெயரில், உழவனால் படிக்கவியலாத படிவத்தில் உள்ளன. தேடிக் கண்டுபிடிக்க முடியாத உதவி, உதவி ஆகாது. எனவே, தூய தமிழ் என்பது புலவர்தம் பொழுதுபோக்கு என்று ஏளனம் செய்வார்க்கு நாம் இன்று விடையிறுக்க வேண்டிய இடம் இலக்கண மேடை அன்று. உழவர் கடன் கேட்டு நிற்கும் கூட்டுறவுக் கழகத்தின் வாயிற்படியே ஆகும்.

பெயரிலேயே பூட்டு

நடுவணரசின் திட்டப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நிலமுடைய உழவர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 உருபாவை மூன்று தவணையாக வழங்கும் திட்டத்திற்குப் பெயர், ‘பிரதான் மந்திரி கிசான் சம்மான் நிதி’. 2016இல் வந்த பயிர்க் காப்பீட்டிற்குப் பெயர், ‘பிரதான் மந்திரி பசல் பீமா யோசனா’. சொட்டுநீர்ப் பாசனத்தையும் உள்ளடக்கித் தொடங்கப்பட்ட நீர்ப்பாசனத் திட்டத்திற்குப் பெயர், ‘பிரதான் மந்திரி கிருசி சிஞ்சாயி யோசனா’. இயற்கை உரமிட்டு மண்ணைக் காக்கும் வேளாண்மைக்குப் பெயர், ‘பரம்பராகத் கிருசி விகாசு யோசனா’.

பொன்னேரியிலோ செங்குன்றத்திலோ உள்ள ஓர் எளிய உழவரிடம் ‘பீமா’ என்று சொன்னால், ஆடித் திங்களில் அவர் விடிய விடியப் பார்த்த பாரதக் கூத்தின் வீமன் நினைவுக்கு வருவானேயன்றி, வெள்ளத்தில் மூழ்கிய பயிர்க்கு இழப்பீடு என்பது நினைவுக்கு வருமோ? ‘பசல்’ என்பது விளைச்சல் என்று அவர் யாங்ஙனம் அறிவார்? ‘சிஞ்சாயி’ என்பது நீர்பாய்ச்சுதல் என்று அவருக்கு எந்தப் பள்ளியில் கற்பித்தார்கள்? இந்தி பேசும் மாநிலத்து உழவனுக்கு அப்பெயரே விளம்பரம். பெயரைக் கேட்ட அளவிலேயே அது இன்னதென அவனுக்கு விளங்கிவிடும். தமிழ்நாட்டு உழவனுக்கோ அப்பெயரே பூட்டு. ஒரே அரசு, ஒரே திட்டம், ஒரே தொகை. எனினும் ஒருவனுக்குத் திறந்த கதவு, மற்றவனுக்குச் சுவர்! இதனைச் சமநிலை என்று எந்த அறநூல் ஒப்பும்?

மணலியைப் பாருங்கள். 1966இல் நிறுவப்பட்ட உரத் தொழிற்சாலை நம் கண்முன் நிற்கின்றது. நம் மண்ணில், நம் தொழிலாளர் உழைப்பில் உருவாகும் உரம் அது. 2022 அக்தோபர் 2 முதல், மானியம் பெறும் உரமூட்டைகள் அனைத்தும் ‘பாரத்’ என்னும் ஒரே பெயரைத் தாங்க வேண்டும் என்று நடுவணரசு ஆணையிட்டது. அதற்கான திட்டத்தின் பெயரோ ‘பிரதான் மந்திரி பாரதிய சன் உர்வரக் பரியோசனா’. ‘உர்வரக்’ என்பது உரம் என்று தெரிந்துகொள்வதற்குள் ஒரு பருவமே முடிந்துவிடும்!

தமிழ்நாட்டரசின் அறிக்கைகளில் இப்பெயர்கள் சிலபொழுது தமிழாக்கப்படுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அந்தத் தமிழாக்கம் இணையதளத்தின் முகப்புக்கும், வங்கியின் படிவத்துக்கும், கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திக்கும் போய்ச் சேர்வதில்லை. உழவன் கையில் கிட்டும் தாளில் ஆங்கிலமும், அவன் காதில் விழும் பெயரில் இந்தியுமாக, நடுவில் தமிழ் எங்கோ தொலைந்து போகின்றது.

பழைய பூட்டுகளும் உள

இந்நோய் இன்று தோன்றியதன்று. ஆண்டவர் மொழியெல்லாம் நம் நிலக் கணக்கில் படிந்து கிடக்கின்றது. தாசில்தார், தாலுக்கா, சில்லா, சமாபந்தி, கிசுதி என்பன பாரசீக, அரபு வழியில் வந்தவை. அடங்கலில் ஆண்டைக் குறிக்க இன்றும் ‘பசலி’ என்கின்றனர். அக்பர் காலத்து விளைச்சல் ஆண்டுக் கணக்கு அது. நாம் 2025 என்று எழுதும் ஆண்டில், சூலை முதல் நாளில் 1435ஆம் பசலி பிறந்தது. அதாவது, கடன் கேட்கும் உழவன் தன் வயலில் என்ன விளைந்தது என்று காட்ட, நடப்பாண்டிலிருந்து 590ஐக் கழிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும்!

ஆயினும், தமிழால் முடியாது என்பார்க்கு இத்துறையே மறுப்பாகவும் நிற்கின்றது. தாசில்தார் வட்டாட்சியர் ஆனார், தாலுக்கா வட்டமாயிற்று, சில்லா மாவட்டமாயிற்று, சமாபந்தி வருவாய்த் தீர்வாயம் ஆயிற்று. வானம் இடிந்து விழவில்லை. வரி வாங்குவதும் நிற்கவில்லை. 1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்த நாடு இது. ‘அடங்கல்’ என்ற சொல் எத்துணை அழகிய தமிழ்! ஓர் ஊரின் புலன் அனைத்தும், பயிர் அனைத்தும் ஒரே ஏட்டில் அடங்குதலால் அது அடங்கல். உழவனுக்கு விளக்கம் தேவைப்படாத சொல். இத்தகைய சொல்லைப் படைத்த மக்கள், காப்பீட்டுக்கும் கடனட்டைக்கும் பெயரிட வழியறியாதவர்களா?

காசிமேட்டுக்கு எட்டாத அட்டை

இனி, நம் தெருக்கோடிக்கே வருவோம். 1998ஆம் ஆண்டு உழவர்க்கெனத் தொடங்கப்பட்டது ‘கிசான் கிரெடிட் கார்டு’ என்னும் உழவர் கடனட்டை. விதைக்கும் உரத்துக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக விண்ணப்பித்து நிற்காமல், வேண்டும்பொழுது எடுத்து, விளைந்தபொழுது கட்டுதற்குரிய ஏற்பாடு அது. 2018-19ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அவ்வட்டையை மீனவர்க்கும் கால்நடை வளர்ப்போர்க்கும் நீட்டித்தனர். 2019இல் அதற்கான நெறிமுறைகள் வங்கிகளுக்கு விடுக்கப்பட்டன. பதிவு செய்த படகை உடையவரோ குத்தகைக்கு எடுத்தவரோ மீன்பிடிக்க உரிய இசைவு பெற்றிருந்தால், வலைக்கும் எரிநெய்க்கும் பனிக்கட்டிக்கும் வேண்டிய நடப்புச் செலவுக்கு அதில் கடன் பெறலாம். தன்னுதவிக் குழுக்களும் பெண்கள் குழுக்களும் பெறலாம். இரண்டு இலக்கம் உருபா வரை, உரிய நாளில் திருப்பிக் கட்டினால் நூற்றுக்கு நான்கு விழுக்காடே வட்டி.

இவ்வுண்மையைக் காசிமேட்டில் எத்தனைப் பேர் அறிவர்? ‘கிசான்’ என்றால் உழவன். கடலில் வலை வீசும் பரதவர் ஒருவர், ‘உழவன் அட்டை’ தமக்குரியது என்று எப்படி எண்ணுவார்? அப்பெயர் தமிழில் இருந்தாலும் அவருக்குப் பொருந்தாது. இந்தியில் இருப்பதாலோ பொருந்துகிறதா பொருந்தவில்லையா என்பதும் தெரியாது! மீன்வளத்துக்கென 2020இல் வந்த பெருந்திட்டத்தின் பெயர் ‘பிரதான் மந்திரி மத்சிய சம்படா யோசனா’. ஐந்தாண்டுக்கு 20,050 கோடி உருபா என்று அறிவிக்கப்பட்டது. கடலோடியின் மகன் அப்பெயரைச் சொல்ல முயன்றால் நாக்கு கரை தட்டும்.

நெய்தல் நிலத்தார்க்கும் மருத நிலத்தார்க்கும் வேறுவேறு பெயரும் வேறுவேறு சொல்லும் வகுத்து வாழ்ந்த இனம் நம்முடையது. நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் தொழிலும் பறையும் யாழும் தனித்தனியே கண்ட மக்களுக்கு, ‘கிசான்’ என்னும் ஒரே அயற்சொல்லுக்குள் உழவனையும் மீனவனையும் ஆயனையும் அடைத்துத் தருகின்றனர். விளைவு, உரியவன் வாராமையும் உரிமையற்றவன் வருதலுமே.

தரகன் நுழையும் வாயில்

உரிமையற்றவன் வருதல் என்றோம். அது வெறுஞ்சொல் அன்று. 2020ஆம் ஆண்டு, மேற்கூறிய ஆண்டுக்கு 6,000 உருபா வழங்கும் திட்டத்தில் தமிழ்நாட்டில் நடந்த முறைகேட்டை நாடறியும். உழவரே அல்லாத ஏறத்தாழ 5.5 இலக்கம் பேர் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டு, 110 கோடி உருபா அளவுக்குப் பணம் போயிற்று என்று அரசே அறிவித்தது. கடவுச்சொற்களைக் கைப்பற்றிய தரகரும், அவருக்குத் துணைபோன அலுவலக ஊழியர் சிலரும் செய்த வேலை அது. பல இடங்களில், தங்கள் பெயர் எதற்காகப் பதியப்பட்டது என்பதே அம்மக்களுக்குத் தெரியாது. ‘அரசு பணம் தருகிறதாம்’ என்று மட்டுமே அறிந்து ஆதார் அட்டையை நீட்டினார்கள். பின்னர்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டபொழுது திகைத்து நின்றார்கள்.

இதன் கரணியம் என்ன? கணினி மட்டுமா? கடவுச்சொல் மட்டுமா? அல்ல. திட்டம் எவர்க்கு, எதற்கு, எத்தகுதியில் என்பது தமிழில் ஊர்ச்சுவரில் எழுதப்பட்டிருந்தால், ‘இது நிலமுடைய உழவர்க்கு உரியது; எனக்கு உரியதன்று’ என்று எளிய கூலித் தொழிலாளியே கூறியிருப்பார். மக்கள் மொழியில் எழுதப்படாத இடத்தில்தான் தரகன் மொழிபெயர்ப்பாளன் ஆகின்றான். மொழிபெயர்ப்பாளனுக்குக் கூலி உண்டு. அந்தக் கூலிதான் ஊழல்.

மற்றொன்றையும் எண்ணுக. 2021இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுக் கழகங்களின் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. 16.43 இலக்கம் உழவர். 12,110 கோடி உருபா. இதற்கு முன் 2006இலும் 2016இலும் இவ்வாறே தள்ளுபடிகள் நடந்தன. இத் தள்ளுபடிகளால் பயன் பெற்றவர் எவர்? கழகத்தின் வாயிலைக் கண்டுபிடித்து, உறுப்பினராகி, கடன் வாங்கியவர். வாயிலை அறியாமல் கந்துவட்டிக்காரனிடம் கடன்பட்ட ஏழைக்கு எந்தத் தள்ளுபடியும் இல்லை. திட்டத்தை அறியாமை அன்றைக்கு மட்டும் இழப்பன்று; ஒவ்வோர் உதவியின் போதும் அவ்விழப்பு வளர்ந்துகொண்டே செல்லும்.

ஏரியைக் காத்த சொல்

கடனை விட்டு, நிலமும் நீரும் காக்கும் திட்டங்களுக்கு வருவோம். ஏரி தூர் வாருதலும் கரை உயர்த்துதலும் நமக்கு எவரும் கற்றுத் தந்தவை அல்ல. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. அவற்றில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என ஊராட்சிக் குழுக்கள் பேசப்படுகின்றன. அவற்றுக்குக் குடவோலையால் ஆள் தேர்ந்த முறை விரிவாகக் கூறப்படுகின்றது. ஏரியைக் காப்பது ஊர்ப்பொறுப்பு, அப்பொறுப்புக்குத் தமிழ்ப்பெயர், அப்பெயரைக் கேட்ட ஊரார்க்குத் தம் கடமை விளங்கிற்று.

பின்னர் அதே வழக்கம் ‘குடிமராமத்து’ ஆயிற்று. ‘குடி’ நம்முடையது, ‘மராமத்து’ அரபு. 1858இல் ஆங்கிலேயர் அதனைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கினர். ஊரார் தாமே விரும்பிச் செய்தது, தண்டத்துக்கு அஞ்சிச் செய்வதாயிற்று. சொல் மாறியபோதே உரிமையும் கைமாறியது. 2017இல் குடிமராமத்து மீண்டும் அரசுத் திட்டமாகத் தொடங்கப்பட்டது. நன்று. ஆனால், அத்திட்டத்தில் பாசன உழவர் கழகங்களே பணியைச் செய்யலாம் என்ற விதியை எத்தனை ஊர் உழவர் அறிந்திருந்தனர்? அறியாத இடத்தில் ஒப்பந்தக்காரர் அறிந்திருந்தார்!

ஏரி வண்டலைத் தம் வயலுக்கு விலையின்றி எடுத்துக்கொள்ள உழவர்க்கு இசைவு உண்டு. அதனை வட்டாட்சியர் அளவிலேயே பெறுமாறு 2024இல் விதி எளிதாக்கப்பட்டது. வண்டல் எடுத்தால் ஏரி ஆழமாகும், வயல் வளமாகும், ஒரே செயலில் நீர்க்காப்பும் மண்காப்பும் நிகழும். இதனை அறியாமல், அருகில் உள்ள ஏரியைப் பார்த்தபடியே உரத்துக்குக் கடன் வாங்கும் உழவர் எத்தனை பேர்!

தமிழில் பெயரிட்டால் திட்டம் எப்படி மக்களிடம் போய்ச் சேரும் என்பதற்கு அண்மைச் சான்றுகளும் உள. 1999இல் தொடங்கிய உழவர் சந்தையின் பெயரை எவர்க்கேனும் விளக்க வேண்டியிருந்ததா? 2018இல் வந்த ‘உழவன்’ செயலியின் பெயர் எவர்க்கு விளங்காது? 2024இல் பசுந்தாள் உரவிதை வழங்கி மண்வளம் காக்க அறிவிக்கப்பட்ட திட்டத்திற்கு, ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்று பெயர். மண்ணின் உயிர் காத்தால் மன்னும் உயிர் காக்கப்படும் என்னும் முழுக்கருத்தும் இரண்டெழுத்து வேறுபாட்டில் அடங்கிவிட்டது. எந்த ‘யோசனா’வுக்கு இவ்வாற்றல் உண்டு?

பணம் வந்தால் போதாதா என்பார்க்கு

‘பெயர் எதுவாயினும் பணம் வந்தால் போதாதா?’ என்பார் உளர். பணம் வந்திருந்தால் நாம் இதனை எழுதவே வேண்டியதில்லை. வாராமையும், வழியில் குறைதலும், பிறர்க்குப் போதலுமே நம் வழக்கு. ‘பட்டா, சிட்டா என்பன உழவர்க்குப் பழகிவிட்டன, மாற்றினால் குழம்புவர்’ என்பாரும் உளர். பழகியது உண்மை. எப்படிப் பழகியது? கணக்கர் வீட்டுத் திண்ணையில் தலைமுறை தலைமுறையாகக் காத்துக் கிடந்து பழகியது. 1980இல் வழிவழிக் கணக்கர் பதவி ஒழிக்கப்பட்டது. அத் திண்ணை போயிற்று. ஆனால், இன்று கணினி மையத்துத் தரகன் முன் அதே காத்திருப்புத் தொடர்கின்றது. பழகிய சொல்லைப் பையப் பைய மாற்றுவோம். அதில் நமக்கு விரைவில்லை. இன்று புதிதாகத் திணிக்கப்படும் பூட்டை முதலில் உடைப்போம்.

‘கடன் என்பது அரசு போடும் பிச்சை, கிடைத்த மொழியில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே’ என்று எண்ணுவார்க்கும் ஒன்று சொல்வோம். வங்கிகள் தரும் கடனில் நூற்றுக்கு 18 விழுக்காடு வேளாண்மைக்கும், அதனுள் 10 விழுக்காடு சிறு, குறு உழவர்க்கும் தரப்பட வேண்டும் என்பது இந்திய நடுவண் வங்கியின் விதி. விதிப்படி தருவது பிச்சை ஆகாது. உரிமையைக் கேட்பவன் தன் தாய்மொழியில்தான் கேட்பான்.

திரூர் காட்டிய வழி

நமக்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. 1892இல் சென்னை மாகாண அரசு பிரடரிக் நிக்கல்சன் என்பாரை உழவர் வங்கிகள் பற்றி ஆராயப் பணித்தது. 1895இலும் 1897இலும் அவர் இரு மடலமாக அறிக்கை அளித்தார். செருமனி நாட்டில் ரைபைசன் என்னும் ஊர்த்தலைவர் சிற்றூர் உழவரைக் கூட்டி, அவர்களே உறுப்பினராய், அவர்களே பொறுப்பாளராய், அவர்கள் பேசும் மொழியிலேயே நடத்திய கடன் கழகங்களை அவர் எடுத்துக்காட்டினார். வட்டிக்காரனை விரட்டியது பெரும்பணம் அன்று. ஒருவரையொருவர் அறிந்த ஊரார் ஒருவர்க்கொருவர் நின்ற உறுதியே. அவ்வழியில் 1904இல் கூட்டுறவுக் கடன் கழகச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் கழகம் தோன்றியது. கல்மண்டபத்திலிருந்து ஒரு முற்பகலில் போய் வரும் தொலைவு! அதே நிக்கல்சனே பின்னர் 1907இல் இம்மாகாணத்து மீன்வளத் துறைக்கும் அடிகோலினார். உழவர் கடனும் மீனவர் நலமும் ஒருவர் கையில் ஒருங்கே தொடங்கிய மண் இது.

அக்கழகங்கள் வழியாகத்தான் இன்றும் எளிய உழவர்க்கு மலிவான கடன் கிட்டுகின்றது. அறிந்திருக்க வேண்டியவற்றைத் தமிழிலேயே இங்குத் தொகுத்துத் தருகின்றோம். படிப்போர் நான்கு உழவர்க்கேனும் வாய்மொழியாகச் சொல்லுக:

பயிர்க்கடன்: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் கழகத்தில் உறுப்பினராகிப் பெறலாம். உரிய நாளில் முழுதும் கட்டினால் வட்டியே இல்லை. வட்டியைத் தமிழ்நாட்டரசு ஏற்கின்றது.

உழவர் கடனட்டை: வங்கிகளில் பெறலாம். மூன்று இலக்கம் உருபா வரை உரிய நாளில் கட்டுவார்க்கு நான்கு விழுக்காடே வட்டி. 2025 சனவரி முதல் இரண்டு இலக்கம் வரை ஈடு கேட்கலாகாது. நிலமில்லாக் குத்தகை உழவரும் வாரத்துக்கு உழுவாரும்கூட இதற்கு உரியவர். இதுவே பலர் அறியாதது.

பயிர்க் காப்பீடு: காப்புறுதித் தொகையில் குறுவைக்கு இரண்டு விழுக்காடு, சம்பாவுக்கு ஒன்றரை விழுக்காடு, தோட்டப் பயிர்க்கும் பணப்பயிர்க்கும் ஐந்து விழுக்காடு வரை உழவர் கட்டினால் போதும். 2020 முதல் இது விருப்பத்தைப் பொறுத்தது. கடன் வாங்கினார் என்பதற்காகக் கட்டாயப்படுத்தலாகாது. குறிப்பிட்ட ஒரு வயலில் நீர் சூழ்ந்தோ கல்மழையாலோ இழப்பு நேர்ந்தால், 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தல் வேண்டும். நாள் தவறினால் காப்பீடும் தவறும்.

சொட்டுநீர்ப் பாசனம்: தமிழ்நாட்டில் சிறு, குறு உழவர்க்கு முழுச்செலவும், மற்றவர்க்கு நூற்றுக்கு 75 விழுக்காடும் உதவித்தொகை. நீர் குறைந்த வட்டாரத்துக்கு இதனினும் சிறந்த காப்பு இல்லை.

ஐயம் கேட்க: 1800-180-1551 என்ற எண்ணில் விலையின்றித் தமிழிலேயே விடை கிட்டும். ஆனால் அதற்கும் பெயர் ‘கிசான் கால் சென்டர்’! தமிழில் பேசும் ஒரு பணிக்குத் தமிழில் ஒரு பெயர் இல்லை என்றால், அதனை அழைக்கத் தமிழன் எப்படித் துணிவான்?

நாம் செய்ய வேண்டியது

அரசை நோக்கி நம் வேண்டுகை மூன்று. ஒன்று: தமிழ்நாட்டில் நடைபெறும் ஒவ்வோர் உழவர் திட்டத்துக்கும் மீனவர் திட்டத்துக்கும் தமிழ்ப்பெயரே முதற்பெயராக, படிவத்திலும் இணையதளத்திலும் குறுஞ்செய்தியிலும் வழங்க வேண்டும், நடுவணரசின் பணம் என்பதற்காக நடுவணரசின் மொழி நம் வரப்பில் நடக்க வேண்டியதில்லை, அப்பணமும் நம் வரிப்பணமே. இரண்டு: வங்கியின் கடன் உடன்படிக்கை தமிழில் இல்லாதவரை அதில் உழவன் கைந்நாட்டோ கையொப்பமோ வாங்குதல் கூடாது. மூன்று: ஒவ்வோர் ஊரிலும் ஊராட்சி மன்றச் சுவரில், இவ்வாண்டு எவ்வுதவி, எவர்க்கு, எந்நாள் வரை என்பதைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

அரசு செய்யும் வரை நாம் காத்திருப்பதா? கூடாது. நம் மன்றத்து இளைஞர் மாநாட்டுக்குச் சுவரெழுத்து எழுதும் தூரிகையை எடுத்துக்கொண்டு ஞாயிறுதோறும் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் செல்லட்டும். கூட்டுறவுக் கழகத்தின் வாயிலில் அமர்ந்து, படிக்க அறியாதார்க்குப் படித்துக் காட்டட்டும். நிரப்ப அறியாதார்க்கு நிரப்பித் தரட்டும். ஒரு காசு வாங்காமல் தரட்டும். காசிமேட்டிலோ, மீன் ஏலம் முடிந்த பின் வலை பின்னும் இடத்துக்கே சென்று, ‘ஐயா, இந்த அட்டை உங்களுக்கும் உரியது’ என்று சொல்லட்டும். தரகன் நிற்கும் இடத்தில் தமிழ்த்தொண்டன் நின்றால், தரகனுக்கு அங்கு வேலை இராது.

தனித்தமிழ் என்பது அகரமுதலியில் மட்டும் வாழும் மொழி என்று நம்மைப் பழிப்பார்க்கு நாம் சொல்லால் விடையிறுக்க வேண்டியதில்லை. உழவன் ஒருவன் தன் கடன் தாளைத் தானே படித்து, தன் உரிமையைத் தானே அறிந்து, தன் பெயரைத் தானே எழுதும் நாளில், அவன் கையொப்பமே நம் விடையாக இருக்கும். அந்நாளை விரைந்து கொணர்வோம். எழுக, வடசென்னைத் தமிழிளைஞரே! தூரிகையோடு எழுக, படிவத்தோடு எழுக, உழவன் வாயிலை உழவன் மொழியால் திறக்க எழுக!